பத்து லட்சம் டாலருக்கு யார் நடுவர்?

சிந்துவெளி முத்திரைகளில் இருக்கும், இன்னும் யாரும் உறுதியாகப் படிக்காத குறிகளின் புதிரை அவிழ்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தாலும் அறிவித்தார், என் டைம்லைனில் ஆளாளுக்குப் 'படித்து' முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேறு சந்தேகம். புதிர் அவிழ்ந்துவிட்டது என்று எந்தத் துறைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்வது?

2004இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் என்ற மூன்று ஆய்வாளர்கள், இந்தக் குறிகள் மொழியைப் பதிந்த எழுத்தே அல்ல என்றார்கள். ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறிகூடத் தேறாது, இதில் மொழி எங்கே என்றார்கள். 2009இல் கணினி அறிஞர் ராஜேஷ் ராவ் குழு (கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனும் அதில் உண்டு) 'சயின்ஸ்' இதழில் என்ட்ரோபி கணக்கு (ஒரு குறிக்கு அடுத்து எது வரும் என்பதை எவ்வளவு ஊகிக்க முடியும் என்ற அளவு) போட்டு, குறிகளின் வரிசை ஒழுங்கு மொழிகளை ஒத்திருக்கிறது என்றது. அந்தக் கணக்கு எழுத்தையும் எழுத்தல்லாததையும் பிரித்துக் காட்டாது என்றார் ஸ்ப்ரோட். எதைச் சான்று என்று ஏற்பது என்பதிலேயே சண்டை.

வேறு வேறு துறைக்காரர்கள் எப்படித்தான் ஒத்துப்போவது? எல்லா அறிவியலும் ஒரு பொதுமொழியில் பேசும் என்று நம்பினார் வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவைச் சேர்ந்த ஓட்டோ நியூராத். உரையாட உரையாட அவரவர் அடிவானங்கள், அதாவது பார்வை எல்லைகள், கலக்கும் என்றார் ஜெர்மன் தத்துவவாதி காடமர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த விஷயத்தில் இதுவரை எதுவும் கலக்கவில்லையே!

என் வாக்கு அறிவியல் வரலாற்றாசிரியர் பீட்டர் கேலிசனுக்கு. இயற்பியலில் கோட்பாட்டாளரும் பரிசோதனைக்காரரும் சந்தை வியாபாரிகள் மாதிரி, ஒரே உலகப் பார்வை இல்லாமலே கொடுக்கல் வாங்கல் நடத்துகிறார்கள் என்று 1997இல் எழுதினார். சிந்துவெளிப் பொறிப்புகளைத் திரட்டிய மகாதேவனின் 1977 தொகுப்பு அப்படிக் கைமாறும் சரக்கு. குறிகளுக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழி என்ற கருதுகோளில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் தொகுப்பில் குறிகளுக்கு எண்தான் கொடுத்தார், ஒலி கொடுக்கவில்லை. அதனால்தான் திராவிடம் என்றாலே முகம் சுளிப்பவரும் அதை எடுத்துப் பயன்படுத்த முடிகிறது.

இதிலும் ஒரு வில்லங்கம். அவர் பட்டியலில் 417 குறிகள். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா பட்டியலில் 400க்கும் குறைவு. இரண்டு மீன் வடிவங்கள் ஒரே குறியா, வேறா என்பது கல்வெட்டறிஞரின் கண் சொல்லும் தீர்ப்பு. கணக்குப் போடுகிறவர் கைக்குப் போனதும் அது வெறும் 'டேட்டா' ஆகிவிடுகிறது.

அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பை எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவைப் படித்தவர்கள், இதில் அதிகாரம் எங்கே என்பார்கள். பணம் புழங்கும் இடத்தில் அது நியாயமான கேள்விதான்.

எது சான்று என்பதை நடுவர் குழு முதலில் எழுதி வெளியிடட்டும், விடைகளை அப்புறம் பிரிக்கலாம். அந்தக் குழுவில் 'இது எழுத்தே இல்லை' என்று சொல்லும் ஒருவரும் உட்கார வேண்டும்.