ஜியூஃபென்தான் ஸ்பிரிட்டட் அவே ஊரா?

"தைவானின் ஜியூஃபெனைப் பார்த்துத்தான் ஜப்பானிய இயக்குநர் மியாசாகி தன் ஸ்பிரிட்டட் அவே அனிமேஷன் படத்தின் ஊரை வரைந்தார், அங்குள்ள ஆமேய் தேநீர்க்கடைதான் படத்தில் வரும் குளியல் விடுதி" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அது சரியில்லை. தைவான் தொலைக்காட்சிப் பேட்டியிலேயே இதைக் கேட்டார்கள். இல்லை என்று மியாசாகி மறுத்துவிட்டார். சிவப்பு விளக்குகள், படிக்கட்டுச் சந்துகள் என்று சாயல் இருப்பது உண்மைதான். அதை வைத்து வியாபாரம் நடக்கிறது, அவ்வளவுதான்.

படத்தின் வேர்களைத் தேடிப் போகிறவர்கள் தோக்கியோவின் கொகனேய் பூங்காவுக்குள் இருக்கும் எடோ-தோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். படத்தை எடுத்த கிப்ளி ஸ்டூடியோவும் கொகனேயில்தான் இருக்கிறது. இந்த அருங்காட்சியகம் மியாசாகி அடிக்கடி நடந்துபோன இடம். அங்கே தக்கேய் சன்ஷோதோ என்ற பழைய எழுதுபொருள் கடை ஒன்று உண்டு. சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி மர இழுப்பறைகள். பார்த்ததுமே, படத்தில் குளியல் விடுதிக்கு வெந்நீர் போடும் கமாஜியின் கொதிகலன் அறை ஞாபகம் வரும். அதற்குத் தூண்டுதலே இந்தக் கடைதான். அதே தெருக்கோடியில் 1929இல் கட்டிய கொதகாரா-யு என்ற பொதுக் குளியல் கூடமும் நிற்கிறது.

ஜியூஃபென் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய தங்கச் சுரங்க ஊர், மலையிலிருந்து கடல் தெரியும், அழகான இடம். அப்புறம், கொகனேய் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.