பீடி சுற்றும் வீட்டில் ஃபேன் ஓடாது

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பீடி சுற்றும் ஒரு தாயைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கிய அந்தக் கதையைப் பற்றித்தான். எல்லாரும் படித்திருப்பீர்கள். அதன் கீழே நான் போட்ட ஒரு வரிக்கு எத்தனை பேர் சண்டைக்கு வந்தார்கள் என்பதையும் பார்த்திருப்பீர்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: "பீடி சுற்றும்போது ஃபேன் போட மாட்டார்கள்."

கதையில் ஃபேன் கடகடவென்று ஓடுகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து அந்தத் தாய் காய்ந்து சருகான இலையை எடுத்து உருட்டுகிறாள். காய்ந்த இலையை உருட்டினால் நொறுங்கிவிடும். அதனால்தான் இலையை நனைத்து, ஈரச் சாக்கில் பொதிந்து, பதம் வந்த பிறகு வெட்டுவார்கள். காற்றுப் பட்டால் அந்த ஈரம் போய்விடும், சுளவில், அதாவது முறத்தில், இருக்கும் புகையிலைத் தூளும் பறந்துவிடும்.

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். சித்திரை வெயிலிலும் எங்கள் வீட்டு ஃபேன் சும்மாதான் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டு அம்மாவிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. மடியில் சுளவு இருக்கும், ஜாக்கெட் நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும். நெற்றி வியர்வையை முழங்கையால்தான் துடைப்பாள். விரலெல்லாம் புகையிலைத் தூள், கண்ணில் பட்டால் எரியும். அந்த முழங்கையை மட்டும் எழுதியிருந்தால் போதுமே!

"ஒரு ஃபேனுக்காகக் கதையையே குறை சொல்வதா?" ஆமாம், சொல்வேன். கதை எழுதியவர் அப்படி ஒரு வீட்டுக்குள் காலே வைக்கவில்லை என்று அந்த இடத்தில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தாய் அழுவதை நான் எப்படி நம்புவது?

"கொலைக் கதை எழுதக் கொலை செய்ய வேண்டுமா?" என்று ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், உப்பு வாரிப் பிழைத்தவர் இல்லை. தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய், அங்கே பாடுபடுகிறவர்களிடம் பேசிப் பழகி, அப்புறம்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அனுபவம் இல்லையென்றால் போய்க் கேளுங்கள், ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கற்பனை வேண்டாம் என்று யார் சொன்னது?

"வாசகர்களுக்கு இதெல்லாம் தெரியாது, விடுங்க" என்று ஒருவர் எழுதியதுதான் வலித்தது. எந்த வாசகர்களுக்கு? திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் தெருத்தெருவாகப் பீடி சுற்றுகிறார்கள். அந்தக் கூலியில் படித்த பிள்ளைகள்தான் இன்று கதை படிக்கிறோம். நாங்கள் வாசகர் கணக்கில் வரமாட்டோமா?

சின்ன வயதில் அம்மாவோடு பீடிக்கடைக்குப் போவேன். அங்கே ஒருவர் பீடிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பீடியின் முனை சரியாக மடங்கவில்லை என்று கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. பீடித் தொழிலாளர்களைக் காக்கவென்று 1966லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் அம்மா அந்த இடத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவள் சுற்றிய பீடிக்கு அவ்வளவு சோதனை. அவள் வாழ்க்கையை எழுதுகிறவர் ஒரு ஃபேனைக்கூடச் சரிபார்க்கக் கூடாதா?

பின்னூட்டத்தை நீக்கச் சொல்லி உள்பெட்டியில் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நீக்க மாட்டேன். அம்மா இன்றும் சுற்றுகிறாள். கதை எழுதியவருக்கு வர விருப்பமிருந்தால் காலையிலேயே வரட்டும், இலை வெட்டுவதிலிருந்து பார்க்கலாம்.