மிர்ரியின் முகம்

பின்லாந்து ஓவியர் டூக்கோ சல்லினென் என்று பேச்செடுத்தால் போதும், ‘கலையை வேறாகவும் கலைஞனை வேறாகவும் பாருங்கள்’ என்று பாடம் நடத்த யாராவது வந்துவிடுவார்கள். பொதுவாக நானும் அந்தக் கட்சிதான். இந்த ஒருவர் விஷயத்தில் அது எடுபடாது.

பின்லாந்தில் எக்ஸ்பிரஷனிசம், அதாவது உணர்ச்சியைக் காட்டுவதற்காக உருவத்தையும் வண்ணத்தையும் திரித்து வரையும் பாணி, என்றால் முதலில் வரும் பெயர் இவருடையது. 1879-இல் நூர்மெஸில் பிறந்தவர். அப்பா தையல்காரர், அழுகையும் அலறலும் ஆவேசமுமாக ஜெபிக்கும் ஒரு கடுமையான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பையன் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடினான். ஊர் ஊராகத் தையல் வேலை செய்து சுவீடன் வரை அலைந்த பிறகுதான் ஹெல்சிங்கியின் ஓவியப் பள்ளி. 1909-இல் பாரிஸ் போனார். அங்கே பிரெஞ்சு ஓவியர் மத்தீஸும் அவருடைய சகாக்களும் பற்றவைத்திருந்த வண்ணங்கள் இவரையும் பிடித்துக்கொண்டன.

அதே ஆண்டு ஹெல்மி வார்தியாய்னெனைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் ஓவியம் பயின்றவர். சல்லினென் அவருக்கு வைத்த செல்லப் பெயர் மிர்ரி. 1910-இலும் 1911-இலும் அவரை வரைந்த படங்கள்தான் சல்லினெனின் பெயரை நிலைநாட்டின. கறுப்பு உடையில் இருக்கும் மிர்ரியைப் பாருங்கள். இடுங்கிய கண்கள், தடித்த உதடுகள், காய்ச்சல்காரியைப் போல் சிவந்த கன்னங்கள். கைத்திறமையைக் குறை சொல்லவே முடியாது. தூரிகை தயங்கிய இடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அன்பு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன், எனக்குத் தென்படவில்லை. கொந்தளிப்பிலேயே ஓடிய அந்தத் திருமணம் சில ஆண்டுகளில் முறிந்தது. ஹெல்மியின் ஓவிய வாழ்க்கை அதற்குள்ளேயே ஒடுங்கிப்போயிருந்தது.

அன்றைய விமர்சகர்களும் கொதித்தார்கள், ஆனால் ஹெல்மிக்காக அல்ல. 1911-இல் வரைந்த ‘சலவைப் பெண்கள்’ காட்சிக்கு வந்தபோது அவர்களை உறுத்தியது நாட்டின் மானம். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. மூத்த ஓவியர் எடெல்ஃபெல்ட் வரைந்த கண்ணியமான கிராமத்து மனிதர்களையும், 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இன்னொரு ஓவியர் கல்லென்-கல்லேலா தீட்டிய, பின்லாந்தின் தேசியக் காவியமான காலேவலாவின் காட்சிகளையும் காட்டித்தான் ‘நாங்கள் தனி இனம்’ என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து சொந்த மக்களை முரட்டு உடம்பும் அவலட்சணமான முகமுமாக வரைந்தால் சும்மா விடுவார்களா? அந்தச் சண்டையில் நான் சல்லினென் பக்கம். அழகான விவசாயி என்பது வரவேற்பறைக்காரர்களின் கற்பனை. கிராமத்து மக்களோடு பசியாக வளர்ந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

1916 நவம்பரில் நடந்த கண்காட்சியை ஒட்டி உருவானது ‘நவம்பர் குழு’. சல்லினெனோடு மார்க்குஸ் கொல்லின், ஆல்வார் காவேன் போன்ற ஓவியர்கள் எல்லாம் அதில் உண்டு. பாரிஸ் வண்ணங்கள் வடிந்து பழுப்பும் சாம்பலும் கறுப்பும் வந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் விடுதலை. 1918-இல் உள்நாட்டுப் போர், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த 1918-இல்தான் சல்லினென் தன் ஆகச் சிறந்த படத்தை வரைந்தார்: ‘ஹிஹ்ஹுலித்’, அதாவது ஆவேச ஜெபக்காரர்கள். அப்பாவின் ஜெபக்கூட்டமேதான். மண் நிறத்தில் நெருக்கியடிக்கும் உடல்கள், ஆவேசத்தில் கோணிய முகங்கள். அதே ஆண்டு கிராமத்து நடனம் ஒன்றையும் வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜெபிப்பவர்களும் ஆடுபவர்களும் ஒரே ஆட்கள் என்று தோன்றும். எந்தக் கூட்டத்திலிருந்து தப்பி ஓடினாரோ அதே கூட்டத்துக்குள் திரும்பிப் போய் நின்று வரைந்திருக்கிறார். ஏளனம் துளியும் இல்லை. பயம் இருக்கிறது, ஒட்டுறவும் இருக்கிறது.

என் வழக்கே இதுதான். தன் காயத்தை வரைந்தபோது சல்லினெனுக்கு இரக்கம் இருந்தது. மனைவியை வரைந்தபோது இல்லை. ‘துணிச்சல்’ என்று கொண்டாடுகிறவர்கள் யாருடைய முகத்தை வைத்து அந்தத் துணிச்சல் என்றும் கேட்க வேண்டும். ஆப்பிளைக் கோணலாக வரைந்தால் ஆப்பிளுக்கு ஒன்றும் இல்லை. இங்கே எதிரில் உட்கார்ந்திருந்தது தூரிகை பிடிக்கத் தெரிந்த ஒரு பெண்.

விடுதலைக்குப் பிறகு, முன்பு திட்டிய அதே முரட்டுத்தனத்தை ‘உண்மையான பின்லாந்து’ என்று நாடு கொண்டாட ஆரம்பித்தது. அது தனிக் கூத்து. 1955-இல் இறக்கும்வரை வரைந்தார். 1918-இன் உயரத்தை மறுபடி எட்டவில்லை என்பது என் எண்ணம், மறுப்பவர்கள் மறுக்கலாம். ஹெல்சிங்கியின் ஆட்டெனியம் அருங்காட்சியகத் தொகுப்பில் ‘ஹிஹ்ஹுலித்’ இருக்கிறது. மிர்ரி படங்களை மாட்டுகிறவர்கள் விளக்க அட்டையில் ஹெல்மி வார்தியாய்னென் என்ற முழுப்பெயரையும், அவர் ஓவியர் என்பதையும் எழுதிவைக்கட்டும். அதற்கு அதிகச் செலவாகாது.