கண்டவர்களைப் பொய்யர்கள் ஆக்க வேண்டாம்
அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சதுப்புநிலத்தில் உலவுவதாகச் சொல்லப்படும், நாற்றமடிக்கும் மனிதக் குரங்கு போன்ற ‘ஸ்கங்க் ஏப்’ வெறும் கட்டுக்கதை என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டதை ஏற்க முடியவில்லை. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குள்ள சாரசோட்டா மாவட்ட ஷெரீப் (காவல் தலைவர்) அலுவலகத்துக்குப் பெயரில்லாத ஒரு கடிதமும் புகைப்படங்களும் வந்தன. குட்டைப் பனை ஓலைகளுக்குப் பின்னால் ஒளிரும் கண்கள், வெளியே தெரியும் பற்கள்! வீட்டின் பின்புறம் வைத்த ஆப்பிள்களை அது எடுத்துச் சென்றதாம். தப்பி வந்த ஒராங்குட்டானோ என்றுதான் எழுதியவர் அஞ்சினார். இதையல்லவா விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்? அதே மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்ஸில், 1930-களில் படகுச் சுற்றுலாவுக்காகத் தீவில் விடப்பட்ட ரீசஸ் குரங்குகள் நீந்திக் கரையேறிக் காட்டில் பெருகிவிட்டன. கருங்கரடியும் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். இப்படி எதையோ இருட்டில் கண்டு நடுங்கியவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1977-இல் ஸ்கங்க் ஏப்பைப் பாதுகாக்கப் புளோரிடா சட்டமன்றத்தில் மசோதாவே வந்தது, நிறைவேறவில்லை, அவ்வளவுதான்.