“ஒண்ணும் ஆகாதுக்கா!”

2024ஆம் ஆண்டில் என் வீட்டுக்குள் வந்துபோன கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீசியன், பெயின்டர் ஆகிய அத்தனை பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் தொழிலுக்கு வந்திருப்பார்களோ என்ற ஐயம் எனக்கு நாளுக்கு நாள் வலுத்துவருகிறது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் ஓடினாலும், குழாய் மூட்டிலிருந்து நீர் கசிந்தாலும், கதவு நிலையில் உரசி அலறினாலும், இவர்கள் வாயிலிருந்து வருவது இரண்டே சொற்கள்தான்: “ஒண்ணும் ஆகாதுக்கா.” ஆகிறது ஐயா. ஒவ்வொரு முறையும் ஆகியிருக்கிறது. ஆன பிறகு அதைப் பார்க்க நீங்கள் இருப்பதில்லை, நான் இருக்கிறேன்.

தாம்பரத்துக்கு மேற்கே 1993இல் என் அப்பா கட்டிய வீடு இது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் இரண்டு நாள் கொட்டித் தீர்த்ததில், படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து, நல்லவேளையாக ஆளில்லாத கட்டிலின்மேல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால், துருப்பிடித்துச் செதில் செதிலாகப் பருத்த கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. முக்கால் அங்குலமாவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டிய கம்பியை அன்றைக்கு நகக்கண் அளவுப் பூச்சால் மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலிருந்து இறங்கிய ஈரம் அதைத் தொட, துரு ஊறிப் பெருக்க, அந்த உந்தலில் கான்கிரீட்டே பிளந்துவிட்டது. கம்பியைத் தூக்கிவைக்கச் சொல்லி அப்பா கேட்டிருந்தால், அந்த மேஸ்திரி என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

தை பிறந்ததும் தொடங்கிச் சித்திரைக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஹோலிக்கு ஊருக்குப் போன டைல்ஸ் ஒட்டும் பையன்கள் இருவரும் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் திரும்புவோம் என்று பீகாரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே ஏழு கட்டமாக ஜூன் 1 வரை வாக்குப்பதிவு நடந்தது. அவர்கள்மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை, ஓட்டு அவர்கள் உரிமை. அது தெரிந்திருந்தும், முன்பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாள் காலையிலும் “நாளைக்கு ஆள் வந்துருவாங்கக்கா” என்று கூசாமல் சொன்ன மேஸ்திரிமீதுதான் என் கோபமெல்லாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாசலில் நிற்பவர் எவராக இருந்தாலும் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, “சார் இல்லீங்களா?” என்று கேட்பார். இந்த வீட்டில் சார் என்று ஒருவர் இல்லை. நானும் என் அம்மாவும்தான் இருக்கிறோம். பணம் கொடுப்பதும் நான்தான், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும் நான்தான். எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு ஆறடியில் ஓர் அங்குலச் சரிவு என்றால் என்னவென்று தெரியாது என்று எப்படித்தான் முடிவுகட்டுகிறார்களோ!

அந்தச் சரிவுதான் என்னை முதன்முதலில் வாய்விட்டுக் கத்தவைத்தது. குளியலறையில் பழைய தரையை உடைத்துப் புது டைல்ஸ் ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு முன்பே சுவரில் பென்சிலால் கோடு கிழித்து, கதவுப் பக்கம் உயரமாகவும் தண்ணீர் வெளியேறும் சல்லடை மூடி இருக்கும் மூலை ஓர் அங்குலம் தாழ்வாகவும் வரவேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். மறுநாள் மாலை பள்ளியிலிருந்து திரும்பியதும் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தேன். தண்ணீர் சல்லடை மூடியை நோக்கிக் கொஞ்ச தூரம் போய், ஏதோ நினைவுக்கு வந்ததைப் போலத் தயங்கி நின்று, திரும்பி, கதவு நிலைக்கால் ஓரமாக வந்து குளம்போலத் தேங்கியது. ஐந்து ரூபாய் நாணயத்தை அதில் போட்டேன். நாணயம் முழுவதும் மூழ்கியது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காலால் தண்ணீரை ஒருமுறை தள்ளிவிட்டு, “குளிச்சு முடிச்சதும் ஒரு தள்ளு தள்ளி விட்ருங்கக்கா, ஒண்ணும் ஆகாது” என்றார். வாழ்நாள் முழுவதும் காலையும் மாலையும் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுவதற்குத்தான் நான் டைல்ஸுக்கும் கூலிக்கும் பணத்தைக் கொட்டினேனா? எழுபத்தொரு வயதான அம்மா அந்த நீரில் வழுக்கி விழுந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லையா?

பூச்சு வேலையின் கதை இன்னும் மோசம். தண்ணீர் பட்ட சிமென்ட் கலவையை இறுகத் தொடங்கும் முன்பே பூசி முடித்துவிட வேண்டும் என்பது தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். காலை பத்தரைக்குக் கலவையைக் குழைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து, கெட்டிப்பட்டுக் கிடந்த குவியலின்மேல் அரைவாளித் தண்ணீரை ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடியும் சுவரில் அப்பினார்கள். தடுத்தேன், வழக்கமான பதில் வந்தது. கொளுத்தும் வெயிலில் பூசிய சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டுமே, அதற்கும் ஆள் இல்லை. விடியற்காலையிலும் இரவிலும் ரப்பர் குழாயோடு நானே நின்றேன். ஈரம் காய்வதற்கு முன்பே பெயின்டர் பட்டி பார்த்துவிட்டார். ஆடி மாதத்தில் அது அப்பளம்போல் உப்பி உதிர்ந்தபோது, பெயின்டர் கொத்தனாரைத் திட்டினார், கொத்தனார் சிமென்ட்டைத் திட்டினார். அந்தச் சிமென்ட்டுக்கு நான் 28 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல் அதை 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். என் வேலை முடியட்டும் என்று காத்திருந்தார்களோ என்னவோ.

இவர்களை நம்பிப் பயனில்லை என்று முடிவெடுத்து, டிரில்லிங் மெஷின் ஒன்றை வாங்கினேன். நிலைக்கண்ணாடி, அலமாரிப் பலகை, திரைச்சீலைக் கம்பி ஆகிய மூன்றையும் ஆறு மில்லிமீட்டர் பிட்டால் துளையிட்டு, பிளக் அடித்து, நானே பொருத்தினேன். அந்தக் கர்வத்தோடு குளியலறைக்குள் போய், துண்டு போடும் கம்பிக்காகக் குழாய்க்கு நேர்மேலே துளையிட்டேன். சுவருக்குள் குழாய் மேலிருந்து செங்குத்தாகத்தான் இறங்கும் என்ற எளிய விவரம் அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டு அம்மாவை மொட்டைமாடிக்கு ஓடச் சொன்னேன். தொட்டித் தண்ணீரை நிறுத்தும் கேட்வால்வோ உப்புப் படிந்து அசைய மறுத்தது. தொட்டி காலியாகும்வரை, ஏறக்குறைய முக்கால் மணிநேரம், சுவரில் விரலை வைத்தபடியே நின்றேன். இது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூசுவதற்கு முன்பு குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது, “எல்லாம் என் ஞாபகத்துல இருக்குக்கா” என்று சொல்லி அன்றே சுவரை மூடியவர் யார்? அந்த ஞாபகம் இப்போது எந்த வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது?

இத்தனை வேலைகளிலும் ஒன்றை மட்டும் குறையில்லாமல் செய்துமுடித்தோம் என்று நிம்மதியாக இருந்தேன், அது மொட்டைமாடி. அக்னி நட்சத்திர வெயிலில் பழைய தட்டோட்டையும் அதன் அடியில் இருந்த சுண்ணாம்பு செங்கல்ஜல்லியையும் தோண்டி எடுத்து, விரிசல்களை வெட்டி அடைத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைகளை உருட்டிப் பூசி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை அடித்து, அதன்மேல் வெயில் தாங்கும் வெள்ளை டைல்ஸ் ஒட்டினோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு மடையை அடைத்து, 48 மணிநேரம் தண்ணீரைக் கட்டிவைத்துப் பார்த்தேன். கூரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அன்றைக்கு அந்த ஆட்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் மாதத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர் வந்தது. நான் பள்ளியில் இருந்த நேரத்தில் பொருத்திவிட்டுப் போய்விட்டார்கள். மாலையில் மாடிக்குப் போனேன். தாங்கியின் நான்கு கால்களும் தளத்தின்மேல் நேராக நின்றன. ஒவ்வொரு காலிலும் டைல்ஸைத் துளைத்து, பூச்சைத் துளைத்து, கான்கிரீட்டுக்குள் இறக்கிய இரண்டு ஆங்கர் போல்ட்டுகள். எட்டுத் துளைகள். சிறு கான்கிரீட் மேடைகளை ஊற்றி அவற்றின்மேல் தாங்கியை நிறுத்தியிருந்தால் ஒரு துளைகூடத் தேவைப்பட்டிருக்காது. அந்த மேடைகளுக்கான சிமென்ட் மூட்டையும் ஜல்லியும் மாடிப்படிக்கு அடியில் சும்மாதான் கிடந்தன. பொருத்தியவருக்குப் போன் செய்து நான் கத்தியது மூன்று வீடுகள் தள்ளிக் கேட்டதாம். அவர் நிதானமாக, “போல்ட்டு டைட்டா இருக்குக்கா, தண்ணி எப்படி இறங்கும்? ஒண்ணும் ஆகாது” என்றார்.

நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அன்று பகல் முழுவதும் இங்கே மழை விடவில்லை. இரவு உறங்கப் போகும்போது, புதிதாகப் பூசி வண்ணமடித்த படுக்கையறைக் கூரையில், மேலே ஹீட்டர் தாங்கி நிற்கும் அதே இடத்துக்கு நேர்கீழே, தோசைக்கல் அளவில் ஒரு வட்டம் கறுத்திருந்தது. நள்ளிரவில் அது சொட்டத் தொடங்கியது. கட்டிலை நகர்த்திவிட்டு வாளியை வைத்தேன். அம்மா எதுவும் சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

காலையில் ஹீட்டர்காரருக்குப் போன் செய்தேன். “மழை விடட்டும்க்கா, எம்-சீல் வெச்சு அடைச்சிரலாம், ஒண்ணும் ஆகாது” என்று தொடங்கினார். நான் பதில் பேசவில்லை. போனை வாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிறிது நேரம் கழித்து, “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களாக்கா? சிக்னல் சரியில்ல போல, டொக்கு டொக்குன்னு ஏதோ சத்தம் வருது” என்றார்.