மரத்துப்போற ஊசிக்கு மாற்று ஊசி இல்லை

உம்பளச்சேரி என்ற நாட்டு மாட்டு இனத்துக்கு எங்கள் பக்கத்தில் மொட்டை மாடு என்றும் ஒரு பேர் உண்டு. காளைக்கன்றின் கொம்பைத் தீய்த்து, காதை நறுக்கி, உடம்பில் சூடு போடுவது பழைய வழக்கம். சின்ன வயதில் ஒருமுறை பார்த்தேன். நாலு பேர் கன்றைச் சாய்த்துக் காலைக் கட்டினார்கள். ஒருவர் கழுத்தில் முழங்காலை ஊன்றிக்கொண்டார். கன்று கத்தியது ஒரே தடவைதான், அப்புறம் சத்தமே இல்லை. "பாரு, அதுக்கு வலிக்கலை" என்றார் பெரியப்பா. சாயங்காலம் அது புல்லைத் தொடவில்லை, அசை போடவில்லை, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. மாடு வலியைச் சொல்வது அப்படித்தான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

போன மாதம் மன்னார்குடியில் உறவுக்காரர் ஒருவர், மாட்டுக்கு அக்குபங்சர் செய்தால் மரத்துப்போக மருந்தே வேண்டாம் என்று அடித்துச் சொன்னார். அதனால்தான் இந்தப் பதிவு.

அக்குபங்சர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் கறவை வரப்பில் வழுக்கி இடுப்பு பிடித்துக்கொண்டபோது, ஒரு டாக்டர் இடுப்பெலும்பும் வாலடி எலும்பும் சேரும் பள்ளத்தில் ஊசி குத்தினார். சீனக்காரர்கள் 'பாய் ஹுய்' என்று சொல்லும் இடம் அது. குத்தும்போது சிலிர்த்தது, கொஞ்ச நேரத்தில் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு சாந்தமாக நின்றது. மூன்று வாரத்தில் நன்றாக நடந்தது. ஊசியாலா, ஓய்வாலா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் அக்குபங்சர் ஊசியும் மரத்துப்போற ஊசியும் ஒரே வேலை செய்வதில்லை. மரத்துப்போக டாக்டர்கள் போடும் லிக்னோகேய்ன் மருந்து நரம்பின் வழியையே அடைத்துவிடும். கண்ணோரத்துக்கும் கொம்படிக்கும் நடுவே ஓடும் நரம்பில் அதைப் போட்டால், ஒரு மணி நேரத்துக்குக் கொம்பில் கத்தி பட்டாலும் மாட்டுக்குத் தெரியாது. அக்குபங்சர் ஊசி, எண்டார்ஃபின் என்ற இயற்கை வலிநிவாரணியை உடம்பையே சுரக்க வைத்து வலியை மட்டுப்படுத்தும். மட்டுப்படுத்துவது வேறு, மரத்துப்போவது வேறு.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அக்குபங்சர் வேலை செய்ய, குத்திய சேதி நரம்பு வழியாக மேலே போயாக வேண்டும். 1970களில் சீனாவில் மனிதர்களிடம் செய்த சோதனையில், குத்தும் இடத்தின் ஆழத்தில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டதும் ஊசியின் பலன் போய்விட்டது. அப்படியென்றால் இரண்டையும் ஒரே இடத்தில் போடுவதில் எனக்குச் சந்தேகம்தான். கொம்பில் லிக்னோகேய்ன், இடுப்பில் ஊசி என்றால் சரி, செய்து பார்க்கலாம்.

அதைவிட முக்கியம், லிக்னோகேய்னின் வேகம் தீர்ந்து வலி திரும்பும் ராத்திரி. அதற்கு மெலாக்சிகாம் என்ற வலி மருந்து இருக்கிறது. டைக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்தை மட்டும் கேட்காதீர்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் அதனால் கூட்டங்கூட்டமாக மடிந்ததால், 2006இலேயே மாட்டுக்குத் தடை செய்துவிட்டார்கள்.

காயடிப்பதும் இதே கதைதான். இடுக்கியால் நசுக்கும்போது ரத்தம் வருவதில்லை, அதனால் வலியும் இல்லை என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

இப்போதெல்லாம் கொம்பு தீய்க்கவோ காயடிக்கவோ யார் வந்தாலும் கொட்டகை வாசலிலேயே நிறுத்தி, "மரத்துப்போற மருந்து இருக்கா சார்?" என்று கேட்டுவிடுகிறேன். இல்லை என்றால், ஒரு காபி கொடுத்து நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன்.