10.25 இன்ச் ஸ்க்ரீன் தர்றானுங்க, உருப்படியா ஒரு ஸ்பீக்கர் தரமாட்டானுங்க

பன்னெண்டு லட்சத்த முழுங்கிட்டு நிக்குது வண்டி. சன்ரூஃப் இருக்கு, வெயில் கொளுத்துற ஊர்ல அத எவன் திறப்பான்னு தெரியல, இருந்தாலும் இருக்கு. சீட்டுக்குள்ள இருந்து காத்து வருது. டேஷ்போர்டுல 10.25 இன்ச் ஸ்க்ரீன், அதுல ஆல்பம் படம் பளிச்சுன்னு அவ்ளோ அழகா தெரியுது. பாட்டு மட்டும்தான் கேக்க சகிக்கல.

ஒரு நாதஸ்வரக் கச்சேரி போட்டுப் பாருங்க. நாதஸ்வரம் காத கிழிக்கும், தவில தேடணும். வலந்தலையில, அதாவது தவிலோட வலது பக்கத்துல, விரல்கூடு போட்டு வாசிக்கிறது மட்டும் டக்கு டக்குன்னு கேக்குது, தொப்பியில, அதாவது இடது பக்கத்துல, கழியால விழுற அடி, நெஞ்சுல வந்து இறங்க வேண்டிய அடி, அது கதவுக்குள்ளயே செத்துப்போகுது. சரி சவுண்ட ஏத்தலாம்னு ஏத்துனா இன்னும் கொடுமை, முக்கால்வாசிக்கு மேல போனா பேஸ், அதாவது அந்த கனமான அடிச் சத்தம், கூடுறதுக்குப் பதிலா குறையுது. ஸ்டீரியோ ரிப்பேர்னு நெனச்சுடாதீங்க, நெறைய வண்டியில வேணும்னேதான் அப்படி செட் பண்ணி அனுப்புறானுங்க, ஏன்னா அந்த சவுண்டுல முழு பேஸையும் விட்டா உள்ள இருக்குற ஸ்பீக்கர் தாங்காது. அதாவது மட்டமான ஸ்பீக்கர்னு அவனுக்கே தெரியும், தெரிஞ்சு சாஃப்ட்வேர்ல பூசி மெழுகி வச்சிருக்கான். இதுல திண்டிவனம் தாண்டி நூறுல போறப்போ டயரும் ரோடும் சேந்து கீழ உறுமும் பாருங்க, அந்த உறுமல் மொதல்ல முழுங்குறது பாட்டோட பேஸதான். பேஸ் அதிகமா வேண்டிய நேரம் பாத்து இவனும் குறைக்கிறான், ரோடும் முழுங்குது, மிச்சம் என்ன இருக்கும்? பாடுறவங்க மூக்கால பாடுறது மட்டும்தான்.

வெறுத்துப்போய் சென்னை ஜி.பி. ரோட்டுல ஒரு கடைல விட்டு கதவு ட்ரிம்ம கழட்டச் சொன்னேன். கடைத் தம்பி ஸ்க்ரூ ரெண்ட எடுத்துட்டு கிளிப்ப எல்லாம் டப்பு டப்புன்னு விடுவிச்சு, ஸ்பீக்கர கழட்டி என் கையில குடுத்தாரு. வெயிட்டே இல்ல. பேரு ஆறரை இன்ச் ஸ்பீக்கர். ஃப்ரேம் முழுக்க பிளாஸ்டிக், பின்னாடி இருக்குற மேக்னட்ட உள்ளங்கையில வச்சு மூடிடலாம். முன்னாடி அதிர்ற கோன் பேப்பர்தான், அதுக்காக நான் திட்டமாட்டேன், நல்லா பண்ண பேப்பர் கோன் அருமையா பாடும், காஸ்ட்லி ஸ்பீக்கர்லயே இருக்கு. என் வயித்தெரிச்சல் அந்த மேக்னட்டும் அந்த பிளாஸ்டிக்கும்தான். "இதுக்குப் போய் இவ்ளோ கோவமாணா, எல்லா வண்டியிலயும் இதாண்ணா"ன்னு தம்பி சிரிக்கிறாரு. எனக்கு எரியுது.

அடுத்தது ட்வீட்டர். சைடு மிரர் பக்கத்துல உள்பக்கமா முக்கோணம் ஒண்ணு இருக்கும்ல, அதுல சின்னதா ஜாலி, அதாவது வலை மாதிரி மூடி, போட்டு டிசைன் எல்லாம் பண்ணி இருக்கும். ஹை சவுண்டு அங்க இருந்துதான் வருதுன்னு இவ்ளோ நாளா நம்பிட்டு இருந்தேன். தம்பி அத நெம்பி எடுத்தாரு. உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் ஓட்டை! ட்வீட்டர் வேணும்னா அடுத்த வேரியன்ட் வாங்கணுமாம், அதுக்கு லட்சத்துக்கு மேல கூட, அதுலயும் ட்வீட்டரோட சேத்து எனக்கு வேண்டாத பெரிய அலாய் வீல், வேண்டாத லைட்டு எல்லாத்தையும் நம்ம தலையில கட்டுவான். கேட்டா ப்ரோஷர்ல 4 ஸ்பீக்கர்னு தெளிவா போட்டிருக்கோமே சார்ங்கறான். போட்டிருக்க, அப்புறம் எதுக்குடா ஜாலி?

வாட்ஸ் கணக்கும் இப்படித்தான். நாலு சேனல், ஒவ்வொண்ணும் 50 வாட்னு ஸ்டீரியோ பொட்டியில பெருசா அடிச்சிருப்பான். வண்டி ஓடுறப்போ லைன்ல வர்றது 14 வோல்ட் சொச்சம், அத வச்சு 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு சுத்தமா 20 வாட் குடுத்தாலே பெரிய விஷயம். ஆர்எம்எஸ், அதாவது விடாம தொடர்ந்து குடுக்குற நெசமான பவர், எவ்ளோன்னு கேட்டுப் பாருங்க, சேல்ஸ் பையன் போன எடுத்துட்டு வெளிய போயிடுவான். பெரிய ஆடியோ கம்பெனி பேர கிரில்ல ஒட்டி விக்கிறதும் இருக்கு. ஜேபிஎல், இன்ஃபினிட்டி, ஹர்மன் கார்டன்னு தனித்தனியா தெரியும், மூணும் ஹர்மன் குடும்பம்தான், அந்த ஹர்மனையே 2017-ல சாம்சங் வாங்கிடுச்சு. சில வண்டியில பவர ஏத்துற தனி ஆம்ப், பேஸுக்குன்னே சப்வூஃபர், அந்த கேபினுக்குன்னே ட்யூனிங்னு நெசமாவே நல்லா பண்ணி இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அது டாப் மாடல் வாங்குறவனுக்கு. நடுவுல வாங்குற நமக்கு காது கிடையாதுபோல. யானைய வித்துட்டு அங்குசத்துக்கு கணக்கு பாக்குற பயலுங்க.

சரி நம்மளே மாத்திக்கலாம்னா சர்வீஸ் சென்டர்ல மொதல் வார்த்தையே "வெளிய கை வச்சீங்கன்னா வாரன்டி போயிடும் சார்". ஒயர வெட்டி ஒட்டுனா அந்த பயம் நியாயம், நான் ஒத்துக்கிறேன், ஆனா வெட்டாமலேயே போடலாமே, கம்பெனி சாக்கெட்டுக்கே பொருந்துற கப்ளர் கடையில கெடைக்குது. அதச் சொன்னா பதில் இல்ல. ஆனா அதே ஷோரூம்ல ரெண்டு டேபிள் தள்ளி அக்சஸரி கவுன்ட்டர்ல ஸ்பீக்கர் செட் விக்கிறாங்க, கடையில இருக்குற விலைக்கு ஒன்றரை மடங்கு! அங்க வாங்கி மாட்டுனா வாரன்டி பத்திரமா இருக்குமாம்.

கடைப்பக்கம் போனா அது தனி நரகம். 80 வாட் ஆர்எம்எஸ்னு பாத்து ஆசையா வாங்கி கம்பெனி ஸ்டீரியோவுலயே மாட்டுவோம், பழசவிட சவுண்டு கம்மியா இருக்கும். பொருள் கெட்டது இல்ல, அதோட சென்சிடிவிட்டி, அதாவது குடுக்குற பவருக்கு எவ்ளோ சத்தம் போடும்ங்கறது, கம்மி. டப்பா மேல டிபி கணக்கு போட்டிருக்கும், அதுல 3 டிபி குறைஞ்சா அதே சவுண்டுக்கு ரெண்டு மடங்கு பவர் வேணும். கம்பெனி ஸ்பீக்கர் மட்டம்தான், ஆனா லேசான கோன், இருக்குற கொஞ்சம் பவர்லயே கத்தும். இத எந்த கடைக்காரரும் வாங்குறதுக்கு முன்னாடி சொல்றதில்ல, மாட்டுனதுக்கு அப்புறம் "ஆம்ப் போட்டாதாண்ணா இதோட பவர் தெரியும்"பாங்க. பிராண்டட் செட்டப் உள்ள சில வண்டியில 2 ஓம் ஸ்பீக்கர் இருக்கும், அங்க 4 ஓம் போட்டாலும், ஓம் கூடுறதால பவர் கம்மியா போய், இதே கூத்து. ஆம்ப்னா பேட்டரியில இருந்து தனி ஒயர், ஃப்யூஸு, கம்பெனி ஸ்டீரியோவுல ஆம்புக்கு சிக்னல் குடுக்குற ஆர்சிஏ அவுட் இருக்காது அதனால ஸ்பீக்கர் ஒயர்லயே சிக்னல் எடுக்கணும், அந்த சிக்னல்ல கம்பெனிக்காரன் வெட்டுன பேஸு வெட்டுன மாதிரியே வரும், அத சரி பண்ண டிஎஸ்பின்னு சவுண்ட திருத்துற ஒரு பொட்டி. பில்லு எங்க போய் நிக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. போதாக்கொறைக்கு ட்யூப்ளிகேட் வேற, அதே டப்பா, அதே ஸ்டிக்கர், உள்ள குப்பை.

எல்லாத்தையும்விட என்ன கடுப்பேத்துறது கதவுதான். உள்தகட்டுல பெரிய பெரிய ஓட்டை, அத மூடி மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, வெளித்தகடு விரலால தட்டுனா டங்குனு அடிக்குது. ஸ்பீக்கரோட முன்பக்க காத்தும் பின்பக்க காத்தும் அந்த ஓட்டை வழியா ஒண்ணா சேந்தா பேஸ் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டு காலி. தகடு அதிர்றத அடக்குற பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி ஓட்டைய அடைச்சு, ஸ்பீக்கருக்கு அடியில கெட்டியா ஒரு ரிங் வச்சு அதே பழைய ஸ்பீக்கர மாட்டிக் காட்டுனாரு தம்பி, தவில் தொப்பி லேசா தலை காட்டுச்சு! அதே டப்பா ஸ்பீக்கர்ல! அப்போ ஃபேக்டரியிலயே ரெண்டு ஷீட்ட ஒட்டி அனுப்ப என்னடா கேடு உங்களுக்கு, பன்னெண்டு லட்சத்துல அது எத்தன ரூவா ஆகிடப்போகுது?

போன வாரம் சர்வீஸுக்கு விட்டப்போ அதே மாடலோட புது ஃபேஸ்லிஃப்ட் ஷோரூம் நடுவுல நிக்குது. கதவுல ஸ்பீக்கர் கிரில்ல சுத்தி வட்டமா லைட்டு, 64 கலராம். ஸ்பீக்கர மாத்திருக்கீங்களான்னு கேட்டேன். "சார், பாட்டுக்கு ஏத்த மாதிரி கலர் மாறும் சார்"ங்கறான்.